இருபதடிக் கண்ணாடி

ராயப்பன் ஆறு முறை வரைந்தார். செங்கமலம் ஆறு முறையும் திருப்பிக் கொடுத்தார். குறை இன்னதென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வண்டிகளுக்குத் தடை போட்டு நடப்பவர்களுக்கே விட்டிருந்த கடைவீதியில் ஒரு சமையல் பள்ளி வரப்போகிறது. இடம் கொடுத்த வியாபாரிகள் சங்கம் ஒரே நிபந்தனைதான் போட்டது: பள்ளி தெருவுக்கும் சொந்தமாக இருக்க வேண்டும். இன்று பகல் பன்னிரண்டுக்குள் வரைபடம் போகாவிட்டால் வேலை வேறொருவருக்கு.

குரு செங்கமலத்துக்கு வயது நாற்பது. சீடர் ராயப்பனுக்கு ஐம்பத்தொன்பது. முப்பது வருடம் அரசாங்கத்துக்குச் சுற்றுச்சுவராகக் கட்டித் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவர். ஆள் நுழையாதபடி கட்டுவதில் கெட்டிக்காரர். சாவதற்குள் ஜனங்கள் ஆசையாய் நுழைகிற ஒரு கட்டடமாவது கட்டிவிட வேண்டும் என்ற தவிப்பில் கட்டடக் கலைஞரான செங்கமலத்திடம் வந்து சேர்ந்திருந்தார்.

காலை ஒன்பது மணிக்கு ஏழாவது படத்தோடு ஓடிவந்தார். பள்ளி இப்போதைக்கு அந்தத் தெருவிலேயே ஒரு தகரக் கொட்டகையில் நடந்துகொண்டிருந்தது. செங்கமலம் அங்கே அடுப்பருகில் உதவிக்கு நின்றிருந்தார்.

"எங்கே தப்புன்னு இன்னைக்காவது சொல்லிடுங்க மேடம். தூக்கமே போச்சு."

"அந்தக் கரண்டியைப் பிடிங்க சார். நூறு பேருக்குச் சாம்பார். மாஸ்டர் இன்னைக்கு லீவு."

"பன்னிரண்டு மணிக்குள்ள..."

"அடி பிடிக்கப் போகுது."

கிண்டினார். புகை கண்ணைக் கரித்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உப்புப் போட்டார். ருசி பார்த்தார், போதவில்லை. இன்னும் போட்டார். அதுவும் போதவில்லை. மூன்றாவது தடவைதான் நாக்குக்குத் திருப்தியாக இருந்தது.

"உப்பு?" என்றார் செங்கமலம்.

"சரியா இருக்கு."

"ஒரு மணி நேரம் அடுப்புக்கு முன்னால நின்னா மாஸ்டரே தன் நாக்கை நம்ப மாட்டார். வெளியாளைக் கூப்பிடுவார். கூப்பிடுங்க."

ராயப்பனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஆற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். அவர் வாயைத் திறக்கும் முன்பே, நடந்து போய்க்கொண்டிருந்த வளையல்கார அம்மாள் உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள். இரண்டு சொட்டு விட்டார். நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"கரிக்குது அண்ணே. நாலஞ்சு உருளைக்கிழங்கை வெட்டிப் போடுங்க. மாஸ்டர் இல்லாத நாள்ல எல்லாம் இதே கூத்துதான்."

சொல்லிவிட்டுத் தன் வழியே போனாள். ராயப்பன் உருளைக்கிழங்கு வெட்டினார்.

"மணி பதினொண்ணு ஆகப் போகுது மேடம். படத்தைப் பாருங்க, கெஞ்சிக் கேட்கிறேன். தெருப் பக்கம் பூராவும் இருபதடிக்குக் கண்ணாடி வெச்சிருக்கேன். போறவங்க வர்றவங்க அத்தனை பேரும் நின்னு சமையலைப் பார்க்கலாம். தெருவுக்குச் சொந்தம்னா இதுக்கு மேல என்ன வேணும்?"

செங்கமலம் படத்தை மேசைமேல் விரித்தார். கண்ணாடிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு விரலை வைத்தார்.

"வளையல்காரம்மா இங்க நிக்கிறாங்க."

"ஆமா."

இந்தப் பக்கம் இன்னொரு விரல்.

"கரண்டியோட நீங்க இங்க."

"ஆமா."

"அவங்க கையை எங்கே நீட்டுவாங்க, சார்?"