பூட்டிய வீட்டுக்கு அடுத்த வீடு

முதலில் பேருந்தை நிறுத்தினார்கள். இரண்டாவது, பனியன் கம்பெனிகளின் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது, வீட்டை விட்டு வெளியே வராதே என்றார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்துக் கிடந்த வீட்டுக்கும் அதையேதான் சொன்னார்கள். நான்காவது, நடந்தே ஊருக்குப் போனவர்களை லத்தியால் அடித்தார்கள். ஐந்தாவது, செத்தவர்களின் முகத்தைக் காட்டாமல் எரித்தார்கள்.

தொற்றுக் காலம் எல்லாம் முடிந்து ஓராண்டு கழித்து, உங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க ஆள் அனுப்பினார்கள்.

அந்த ஆள்தான் பேராசிரியர் குலசேகரன். நல்ல மனிதர். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அறுபத்தோரு வயதில் அவருக்கு ஒரு குரு இருந்தாள். பெயர் மரகதம். நாற்பது வயது. கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் குறை பார்ப்பாள். தொழிற்சங்கக் கிளைக்குச் செயலாளர். பத்தாண்டுக்கு முன் கூலியைப் பற்றி எழுத வந்த குலசேகரன், தான் படித்ததெல்லாம் பாதிதான் என்று அவளிடம் தெரிந்துகொண்டார். அன்று முதல் எதை எழுதினாலும் அவளிடம் காட்டாமல் வெளியே விட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அறிக்கையோடு வந்து கேட்டார்.

“தோழர், விதிப்படிதான் செய்தேன். இருநூறு வீடு. ஒரு கேள்வியும் விடவில்லை. பத்தில் ஒன்பது வீடு மீண்டுவிட்டதாக வருகிறது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. தப்பு எங்கே?”

மரகதம் அறிக்கையைப் புரட்டினாள். மறுநாள் பதினொரு மணிக்கு அரசுக் குழு கூடுகிறது. நிவாரண அரிசியையும், பெற்றவர்களை இழந்த பிள்ளைகளுக்கான படிப்பு உதவியையும் தொடர்வதா நிறுத்துவதா என்று இந்த அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இப்படி ஓர் ஆய்வு வேண்டும் என்று எட்டு மாதம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயில் குடித்தவளே அவள்தான்.

அறிக்கையை ஒதுக்கிவிட்டுப் படிவக் கட்டைக் கேட்டாள். துணியில் ஓட்டை தேடுகிற மாதிரி ஒவ்வொரு தாளின் மேலும் விரலை ஓட்டினாள்.

“ஆறாம் நம்பர் இருக்குது. எட்டு இருக்குது. ஏழு எங்கீங்க சார்?”

பூட்டியிருந்தது என்றார். இரண்டு முறை போயும் பூட்டியிருந்தால் அடுத்த வீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கேயும் அதுதான் முறை. மாணவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

“இப்படி எத்தனை?”

“நாற்பத்தொன்று.”

சொன்ன பிறகுதான் அந்த எண் அவர் காதிலேயே விழுந்தது.

மரகதம் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அந்தப் படிவங்களில் இருந்த லைன் வீட்டுக்கு அவரைக் கூட்டிப் போனாள். ஒரே வரிசையில் பன்னிரண்டு அறை, நடுவில் ஒரு குழாய். ஏழாம் நம்பர் கதவின் பூட்டில் துரு ஏறியிருந்தது. மரகதம் போய்க் கதவைத் தட்டினாள். நின்றாள். மறுபடி தட்டினாள்.

“உள்ளே யாரும் இல்லையே, தோழர்.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள்.

எட்டாம் நம்பரிலிருந்து ஒருத்தி ஈரக்கையோடு வந்தாள். ஏனுங்க, இத்தனை பெரிய பூட்டு கண்ணுக்குத் தெரியலீங்களா என்று கேட்டாள். குழாயடியில் நின்ற அயர்ன் மாஸ்டர் பேராசிரியரை அடையாளம் கண்டுகொண்டார். சாருக்கு இந்தக் கதவைத் தாண்டிப் போய்த்தான் பழக்கம் என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு வரிசை முழுக்க வெளியே வந்தது. ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள்.

அது ஓவர்லாக் அக்கா வீடு. தெற்கத்திக்காரி, அவளுக்கு ஒரே மகள். காய்ச்சல் என்று ஆம்புலன்சில் ஏற்றிப் போனார்கள். நான்காம் நாள் இறந்துவிட்டாள் என்று போன் வந்தது. முகம் பார்க்க யாரையும் விடவில்லை. பத்தாவது படித்துக்கொண்டிருந்த அந்த மகளை ஒரு புரோக்கர் வந்து நூல் மில் வேலைக்கென்று ஹாஸ்டலுக்குக் கூட்டிப் போனான். அந்த நோயில் செத்தவள் இருந்த அறை என்று அதற்கப்புறம் யாரும் குடிவரவில்லை.

“எங்களைக் கேட்டீங்க. நாங்க நல்லாருக்கோம்னோம்,” என்றாள் எட்டாம் நம்பர்க்காரி. “பொய் இல்லீங்களே.”

குலசேகரன் பையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். முதல் வரியிலேயே பேனா நின்றது.

“அவங்க பேரு?”

யாருக்கும் வரவில்லை. பனியன் கம்பெனியில் ஒருவருக்கு அவர் ஓட்டும் மெஷின்தான் பெயர்; அவளுடையது ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின். ஐந்து வருடம் அவளோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மரகதம் தரையைப் பார்த்தாள். செத்துப்போனவளுக்குச் சங்கத்தின் உறுப்பினர் சீட்டு எழுதிக் கொடுத்தது மரகதம்தான். அதிலும் ‘ஓவர்லாக்’ என்றுதான் எழுதியிருந்தாள்.

அயர்ன் மாஸ்டர்தான் கடைசியில் வாயைத் திறந்தார். ரேஷன் கடை வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். அரிசி போடுகிறவன் அட்டையைப் பார்த்து முழுப் பேரையும் கூப்பிடுவான். நினைவுபடுத்தி, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.

பேராசிரியர் எழுதினார். ஒரு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

“சத்தமா வாசிங்க சார்,” என்றாள் மரகதம். “இத்தனை பேரும் சாட்சி.”

யாரோ போய்க் குழாயை மூடினார்கள்.

“ஏழாம் எண் வீடு,” என்று வாசித்தார் குலசேகரன். “குடும்பத் தலைவர், சுடலைவடிவு.”