யானைப்பாறை வளைவில் நெளிந்த கம்பி

செம்புக்கு வாய் இருந்த காலம் அது. மாடும் மரமும் மனிதரோடு பேசிய அந்தக் காலத்தில், உலோகங்களில் செம்புதான் பேச்சில் கெட்டி. ஒரு முனையில் சொன்னதை மறுமுனையில் சொல்லிவிடும்.

மலையடிவாரத்தில் ஓர் ஏரி இருந்தது. மலைமேல் நின்று வெள்ளம் வருவதைச் சொல்ல ஒரு காவல்காரன். கீழே ஏரி மடையைத் திறந்து மூட வீரணன். இருவருக்கும் நடுவே செம்புக் கம்பி போடும் வேலை காத்தாயிக்கு வந்தது. செம்பை உருக்கிக் கம்பியாக இழுப்பதில் அவளை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆளில்லை.

முதலில் ஒற்றைக் கம்பிதான் போட்டாள். அது வழியில் இருந்த சந்தையில் காதில் விழுந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தது. "தண்ணி ஏறுது" என்று காவல்காரன் சொன்னால், வீரணனிடம் வரும்போது அது "தண்ணி, வாத்து நாலு, கத்திரிக்கா, ஏறுது, கத்திரிக்கா" என்று ஆகியிருக்கும்.

"நான் என்ன ஆத்தா செய்வேன்? கேட்டதைச் சொல்லாம இருக்க எனக்குத் தெரியாதே" என்றது கம்பி.

காத்தாயி பல நாள் யோசித்தாள். பிறகு அந்தக் கம்பிக்கு ஒரு தம்பியை இழுத்தாள். அதே செம்பு, அதே பருமன். இரண்டையும் விரலிடை மட்டும் விட்டு அருகருகே ஓடவிட்டாள். மூத்தவன் சேதியை உள்ளபடி சொல்வான். இளையவன் அதையே தலைகீழாகச் சொல்வான். வழியில் விழும் இரைச்சல் மட்டும் இருவர் காதிலும் ஒன்றுபோல விழும்.

வீரணனிடம் அவள் சொன்னாள்: "ரெண்டு பேரும் ஒண்ணையே சொன்னா அது சந்தை இரைச்சல், தள்ளிரு அண்ணே. மூத்தவன் 'ஏறுது'ன்னு சொல்லும்போது இளையவன் 'இறங்குது'ன்னு எதிரா சொன்னா, அதுதான் மலையில இருந்து வர்ற சேதி. மூத்தவன் சொன்னதை எடுத்துக்கோ."

இரண்டு மழைக்காலம் குறையில்லாமல் போயிற்று. காவல்காரனும் அதுவரை நிதானமாக, ஒரு சொல்லுக்கும் மறுசொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கித்தான் பேசினான்.

மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் மலைமேல் வானம் பிளந்து கொட்டியது. காவல்காரன் பதறிப்போய்ச் சொல்லின் மேல் சொல்லாகக் கத்தினான். எவ்வளவு ஏறியது, எந்த ஓடையில் வருகிறது, எத்தனை மடைப்பலகை திறக்க வேண்டும், எல்லாம் ஒரே மூச்சில். மடையில் வீரணன் கம்பிகளில் காதை வைத்தான். மூத்தவன் "ஏறுது" என்னும்போது இளையவன் அடுத்த சொல்லுக்குப் போயிருந்தான். எதற்கு எது எதிர் என்று தெரியவில்லை.

"திருப்பிச் சொல்லு!" என்று கத்தினான் வீரணன். திரும்ப வந்ததும் அதே குழப்பம்தான். மூன்றாம் தடவை கேட்டுக்கொண்டிருக்கும்போதே கரை உடைந்தது. கீழ்வயலில் கன்றுகளை அவிழ்க்கப் போன அவன் மனைவி ராக்குவை வெள்ளம் கொண்டுபோயிற்று.

காத்தாயி துக்கம் கேட்கப் போனபோது வீரணன் அவளைத் திட்டவில்லை. "நீ இழுத்த கம்பி ரெண்டும் ரெண்டு பேச்சு பேசுச்சு தாயி. நான் எதை நம்பி மடையைத் திறக்க?" என்று மட்டும் கேட்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. வீட்டுக்குப் போகாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே மலையேறினாள்.

"உங்கள்ல யாருடா பொய் சொன்னது?"

"நான் சொன்னது நெசம்" என்றான் மூத்தவன். "இவன்தான் என்னை விட்டுட்டு முந்தி ஓடிட்டான்."

"நான் முந்தலை ஆத்தா. என் வழி முடிஞ்சுது, போய்ச் சேர்ந்தேன்" என்றான் இளையவன்.

அவள் முழம் போட்டு அளந்தாள். யானைப்பாறையைச் சுற்றி வழி நெடுக வளைந்தது. பாறை குறுக்கிட்டதால் அங்கே மட்டும் இருவரையும் அகலப் பிரித்துப் போட்டிருந்தாள்; மூத்தவன் வெளிப்பக்கம், இளையவன் உள்பக்கம். அந்த ஒரு வளைவில் மூத்தவனுக்குப் பன்னிரண்டு முழம் கூடுதல். நிதானப் பேச்சில் அந்தப் பன்னிரண்டு முழம் தெரியவே இல்லை. அவசரப் பேச்சில் அது ஒரு முழுச் சொல்லையே தின்றுவிட்டது.

பாறையை நகர்த்த முடியாது. மூத்தவனைக் குறைக்க வழியில்லை. ஆகவே இளையவனுக்குப் பன்னிரண்டு முழம் கூட்டி, அதை மடையருகே சுருட்டி வைத்தாள். சேதி இப்போது சேர்ந்தே வந்தது. ஆனால் மறுபடியும் கத்திரிக்காய்! பாறைக்கும் மடைக்கும் நடுவே இருவரும் ஒரு சொல் முன்பின்னாகவே வந்தார்கள். சந்தையில் எழுந்த ஒரு கூச்சல் மூத்தவனுக்கு ஒரு சொல்லிலும் இளையவனுக்கு வேறொரு சொல்லிலும் விழுந்தது. தள்ளிவிட வழியில்லாமல் போயிற்று.

காத்தாயி திரும்பிவந்து பாறையடியில் சோர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

இளையவன்தான் பேசினான். "பிரிஞ்ச இடத்துலயே சேர்ந்துக்கணும் ஆத்தா. வளைவு தாண்டின உடனே என்னை நெளிச்சு விடு. பன்னிரண்டு முழமும் இங்கேயே தீரட்டும்."

"உன்னை மாதிரி நேரான கம்பி நான் இழுத்ததே இல்லடா. நெருப்புல காட்டி நெளிச்சா அப்புறம் நேராக மாட்டே."

"ராக்கு அத்தை கன்னுகளை அவுக்கப் போனதை நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். நேரா இருந்து என்ன கண்டேன்?"

"நெளியுறதுன்னா கொஞ்சம் கொஞ்சமா நெளி. என்னை விட்டு ரொம்பத் தள்ளிப் போயிராதே" என்றான் மூத்தவன்.

காத்தாயி தீ மூட்டினாள். மடையருகே சுருட்டி வைத்திருந்த பன்னிரண்டு முழத்தையும் இங்கே கொண்டுவந்தாள். பெரிதாக ஒரே வளையமாகப் போடாமல், அண்ணனை ஒட்டியே சின்னச் சின்ன நெளிவுகளாக வளைத்தாள். செம்பு சிவந்தது, அவன் முனகவில்லை.

அடுத்த ஐப்பசியில் அதைவிடப் பெரிய வெள்ளம் வந்தது. காவல்காரன் போன ஆண்டைவிட வேகமாகக் கத்தினான். கம்பிப் பக்கமே பார்க்காமல் ஓராண்டு இருந்த வீரணன், காத்தாயி பார்த்துக்கொண்டு நிற்க, மெல்லக் குனிந்து காதை வைத்தான். "ஏறுது", "இறங்குது". "அஞ்சு பலகை திற", "அஞ்சு பலகை மூடு". சொல்லுக்குச் சொல் எதிராக, ஒரே நேரத்தில். ஒரே தடவைதான் கேட்டான். ஓடிப்போய் ஐந்து பலகைகளையும் தூக்கினான். தண்ணீர் வாய்க்காலில் இறங்கிப் பாய்ந்தது. கரை நின்றது. கீழ்வயலில் படுத்திருந்த கன்றுகள் எழுந்துகூடப் பார்க்கவில்லை.

நெடுநேரம் கழித்து வீரணன் சொன்னான்: "இந்தச் சத்தம் போன வருசம் வந்திருக்கணும் தாயி."

"வந்திருக்கணும் அண்ணே" என்றாள் காத்தாயி.

பின்னொரு காலத்தில் செம்பு தானாகப் பேசுவதை விட்டுவிட்டது. கொடுத்த சேதியை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கணினிக்குள் இருக்கும் பச்சை மின்சுற்றுப் பலகையைப் பார்த்தால் தெரியும். அவசரச் சேதி போகும் செப்புக் கோடுகள் அன்று தொட்டுத்தான் இரட்டையாகவே ஓடுகின்றன. வளைவு தாண்டியதும், உள்பக்கமாக வந்த கோடு மட்டும் சின்னச் சின்னதாக நெளிந்து, மற்றதோடு சேர்ந்துகொண்டு மேலே போகிறது.