வாய் நிறைய இலை

நூல் ஆலையில் வேலை பார்த்த எஸ்தர் அக்கா, என் மூத்தவள் வயிற்றில் இருந்த வருஷம், பூசை முடிந்து வரும் வழியில் எனக்குச் சொன்ன கதை இது.

ஒரு காட்டு மாமரத்தில் முசுறு எறும்புகள் குடியிருந்தன. முசுறுகள் இலைகளைச் சேர்த்துத்தான் வீடு கட்டும். இலைகளின் ஓரத்தை வாயால் கவ்வி இழுத்துப் பிடித்திருக்கும். குட்டிப் புழுக்கள் விடும் பட்டு நூல் ஒட்டிக் காயும்வரை விடக் கூடாது. விட்டால் வீடு பிளந்துவிடும்!

பவளம் என்ற எறும்பு அப்படித்தான் கவ்விக்கொண்டிருந்தது. பக்கத்தில் அதன் தங்கை அரும்பு.

அப்போது மரத்தின் தலைவர் பெருந்தலையார் வந்தார்.

"உங்களைக் கேட்காமல் நான் எதையும் செய்வதில்லை! நாவல் மரம் நம் வெயிலை மறைக்கிறது. சண்டைக்குப் போகலாமா? வேண்டாம் என்பவர்கள் வாயைத் திறந்து சொல்லுங்கள்!"

பவளத்தின் வாயில் இலை. அரும்பின் வாயில் இலை. அங்கே இருந்த நூறு வாயிலும் இலை.

"ஆகா! ஒருவர்கூட மறுக்கவில்லை! இலை பிடிக்கிறவர்கள் எல்லாரும் முன்வரிசை. வராதவர்களுக்கு இந்த மரத்தில் இடமில்லை!"

நூல் காய்ந்ததும் அரும்பு அழுதது. "அக்கா, நாம எப்போ சரின்னு சொன்னோம்?"

"தெரியலையேடி. நடுவுல தூங்கிட்டேனோ?"

"போக்கா! தூங்கியிருந்தா இலை விழுந்திருக்குமே!"

பவளத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் கேட்டது நிஜம். தான் பதில் சொல்லாததும் நிஜம். அப்படியானால் தப்பு தன்னுடையதுதானோ?

மறுநாள் இரண்டு மரத்துக் கிளைகளும் உரசும் இடத்தில் சண்டை. எதிரே நாவல்மரத்துக் கிழட்டு எறும்பு ஒன்று நின்றது.

"வாடி மாமரத்துக்காரி! சண்டைன்னா அவ்வளவு ஆசையோ?"

"எனக்கா? நீங்கதானே எல்லாரும் சம்மதிச்சு வந்தீங்க!"

"யார் சொன்னா? எங்களைக் கேட்டாங்க. நாங்க பதிலே சொல்லலை."

"ஏன் பாட்டி?"

"வாயில இலை!"

பவளத்துக்குத் தலை சுற்றியது. இங்கேயும் யாரும் விரும்பவில்லை, அங்கேயும் யாரும் விரும்பவில்லை. பிறகு இது யாருடைய சண்டை? இரண்டு பேரும் கடிக்க மறந்து நின்றார்கள். அதற்குள் பக்கத்தில் அரும்பு அலறியது. அதன் ஒரு கால் போய்விட்டது.

அரும்பைச் சுமந்துகொண்டு பவளம் வீடு திரும்பியது. அடுத்த நாள் காலை, எல்லாரும் இலையைக் கவ்வியிருந்த நேரமாகப் பார்த்து, பெருந்தலையார் மறுபடியும் வந்தார்.

"இன்னொரு தடவை போகலாமா? வேண்டாம் என்பவர்கள் சொல்லுங்கள்!"

பவளம் யோசித்தது. விட்டால் சொந்த வீடு கிழியும். விடாவிட்டால் நொண்டித் தங்கை மறுபடி முன்வரிசை. எது பாவம்? கடவுளே, எது பாவம்?

கண்ணை மூடிக்கொண்டு இலையை விட்டது.

"வேண்டாம்!"

அரும்பும் விட்டது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாரும் விட்டார்கள். "வேண்டாம்! வேண்டாம்!" வீடு படாரென்று பிளந்தது.

"ஐயையோ! நேற்றுவரை எல்லாருக்கும் சம்மதம்தானே! இன்றைக்கு என்ன ஆச்சு?" என்று பெருந்தலையார் விழித்தார். "வீடு போச்சே!"

"வீட்டைத் திரும்பக் கட்டிக்கலாம் ஐயா. தங்கச்சி போயிட்டா திரும்பக் கிடைப்பாளா?"

அன்று யாரும் சண்டைக்குப் போகவில்லை.

பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துக் கேட்பது, கேட்டதாகவே ஆகாது.

இதைக் கேட்ட நீங்கள், இன்றைக்கு வீட்டில் யாரிடமாவது எதையாவது கேட்டால், அவர்கள் கைவேலையை முடிக்கும்வரை கொஞ்சம் பொறுத்திருங்கள்.