ஓரியன் முதலில் கண்ட முகம்

லெம்னோஸ் தீவில் நெருப்புக் கடவுள் ஹெபஸ்தஸின் உலைக்களம் இருந்தது. அங்கே முப்பது வருடமாக வேலை பார்த்தவன் கெதாலியோன். ஆள் குள்ளம், கை மட்டும் இரும்பு. வானத்துத் தேவியர் முகம் பார்க்க வெண்கலக் கண்ணாடி அடிப்பவர் கடவுள். அதைத் தேய்த்துப் பளபளக்க வைப்பது கெதாலியோன். சொந்தத் தீவான நக்ஸோஸுக்குத் திரும்பி, தனக்கென்று ஓர் உலை போட வேண்டும் என்பது அவன் ஆசை. கேட்கும்போதெல்லாம், "நீ போய்விட்டால் தேய்ப்பது யார்?" என்று கடவுள் பேச்சை முடித்துவிடுவார்.

ஒரு நாள் கடல் வழியே ஒரு ராட்சதன் தடவித் தடவி வந்து சேர்ந்தான். அவன் கடலரசனின் மகன் ஓரியன். நடுக்கடலில் நடந்தாலும் தண்ணீர் அவன் இடுப்பைத் தாண்டாது. கியோஸ் தீவின் அரசன் மதுவைக் கொடுத்துத் தூங்கவைத்து அவன் பார்வையைப் பறித்திருந்தான். கீழ்க்கடலில் சூரியன் எழும் இடத்துக்கு நேர் எதிரே நின்று முதல் கதிரைக் கண்ணில் வாங்கினால் பார்வை திரும்பும் என்று குறி சொல்லியிருந்தார்கள். வழி காட்டத்தான் ஆள் இல்லை.

ஹெபஸ்தஸுக்கு இரக்கம் வந்தது. கெதாலியோனைத் தூக்கி ராட்சதனின் தோளில் வைத்தார். அதே வேகத்தில் ஒரு வாக்கும் கொடுத்தார்.

"ஓரியா, கண் திறந்ததும் நீ முதலில் பார்க்கும் பிறர் முகம் எவருடையதோ, அவர் கேட்கும் ஒன்றை நான் செய்து தருகிறேன்."

கெதாலியோன் கணக்குப் போட்டான். நடுக்கடலில் வேறு யார் இருக்கப் போகிறார்கள்? நக்ஸோஸ் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியது.

ஒன்பது நாள் நடந்தார்கள். ஓரியனுக்குப் பொறுமை குறைவு. "இடமா வலமா என்று வாயால் சொல்லும், பெரியவரே. நீர் இழுப்பது என் முடி, குதிரையின் கடிவாளம் இல்லை" என்று வழியெல்லாம் முணுமுணுத்தான்.

பத்தாம் நாள் விடியலில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. கெதாலியோன் ராட்சதனை நேராகக் கிழக்கே நிறுத்தி, அவன் நெற்றிக்கு மேலாக எட்டிப் பார்த்தான். சூரியன் தலை நீட்டியது. அதன் நடுவிலிருந்தே வருவதுபோல ஒரு படகும் வந்தது. கடற்பஞ்சு எடுக்க மூழ்கும் மிர்த்தோ என்ற பெண் அதில் எழுந்து நின்று கையை ஆட்டினாள்.

"யாரய்யா அது, நான் மூழ்கும் இடத்தில் மலை மாதிரி நிற்பது?"

அந்த நொடியில் முதல் கதிர் ஓரியனின் கண்ணில் பாய்ந்தது. அவன் வலியில் அலறினான். வெள்ளையாகக் காய்ந்த உலையை உற்றுப் பார்த்த கொல்லன் உடனே இரும்பு தோய்க்கும் தொட்டித் தண்ணீரைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கண் போய்விடும். அது லெம்னோஸ் உலைக்களத்தின் வழக்கம்.

"குனி. தண்ணீரைப் பார்" என்றான் கெதாலியோன்.

ஓரியன் குனிந்தான். எரிச்சல் தணியும்வரை தண்ணீரையே பார்த்தான். பிறகு தோள் குலுங்கச் சிரித்தான். "பெரியவரே, மூக்கு முழுக்கக் கரியை வைத்துக்கொண்டா ஒன்பது நாளாக எனக்கு உத்தரவு போட்டீர்?"

படகு பக்கவாட்டில் சுற்றி நெருங்கியபோது அவன் நிமிர்ந்தான். மிர்த்தோவின் முகத்தில் வெயில் விழுந்திருந்தது. "சூரியனுக்குள் கறுப்பாகக் கை ஆட்டியது நீதானா? குரலை வைத்துத்தான் பெண் என்று தெரிந்துகொண்டேன்" என்றான். வரத்தைப் பற்றியும் சொன்னான்.

"அப்படியானால் வரம் எனக்குத்தான். என்னைத்தானே முதலில் பார்த்தாய்" என்றாள் மிர்த்தோ. உப்பு அரிக்காத கத்தி ஒன்று அவளுக்கு வேண்டும். "தண்ணீரில் அவன் பார்த்தது என் முகத்தை. வரம் எனக்கு" என்றான் கெதாலியோன்.

ஓரியன் படகை அக்குளில் இடுக்கி, அவளை மறுதோளில் ஏற்றிக்கொண்டு லெம்னோஸுக்குத் திரும்பினான்.

"ஒன்பது நாள் ஓசியில் வந்தவருக்கு வரம் வேறு கேட்கிறதா?" என்றாள் அவள்.

"நீ மட்டும் இப்போது கூலி கொடுத்தா வருகிறாய்?" என்றான் கெதாலியோன். ஆனால் அவனுக்குள் ஒரு சந்தேகம் குடைந்தது. 'குனி' என்று சொன்னது கண்ணைக் காப்பாற்றவா, தன் முகத்தைக் காட்டவா? படகை அவன் அப்போது பார்த்துவிட்டிருந்தானே. வழி நெடுகப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் அவனுக்கு விடை பிடிபடவில்லை.

உலைக்களத்தில் மூவரும் நடந்ததைச் சொன்னார்கள். கெதாலியோன் தன் சந்தேகத்தையும் மறைக்காமல் சொன்னான்.

ஹெபஸ்தஸ் தாடியைத் தடவினார். "தண்ணீரில் தெரிந்தது வெறும் நிழல். நேரில் பார்த்தது இந்தப் பெண்ணை. வரம் அவளுக்கு. நீ வேலையைப் பார்."

கதையைக் கேட்டவர்களே, கடவுள் சொன்னது சரியா? அந்த வரம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: வரம் கெதாலியோனுக்கே. மிர்த்தோ சூரியனை முதுகில் வைத்து நின்றாள். ஓரியன் முதலில் கண்டது அவள் உருவத்தை, முகத்தை அல்ல. பெண் என்பதையே குரலால்தான் அறிந்தான். கெதாலியோனின் முகத்திலோ வெயில் நேராக விழுந்தது, மூக்கின் கரிகூடத் தண்ணீரில் தெரிந்தது. அது முகமல்ல என்றால், 'முகம் பாருங்கள்' என்று கடவுள் தேவியருக்குக் கண்ணாடி அடித்துக் கொடுத்ததெல்லாம் ஏமாற்று வேலையாகிவிடும். கெதாலியோன் என்ன நினைத்துச் சொல்லியிருந்தாலும், வெந்துகொண்டிருந்த அந்தக் கண்ணுக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. இதை ஓரியன் எடுத்துச் சொன்னபோது உலைக்களமே சிரித்தது, கடைசியில் கடவுளும் சிரித்து, கெதாலியோன் நக்ஸோஸுக்குப் போக விடை கொடுத்தார். "அப்படியானால் என் கத்தி?" என்றாள் மிர்த்தோ. "என் உலையின் முதல் வேலை அதுதான், படகை இறக்கு" என்றான் கெதாலியோன். நக்ஸோஸ் வரைக்கும் துடுப்பை அவளிடம் கொடுக்காமல் அவனே போட்டான்.