யாரும் விலகாத சந்தா

கயத்தாறு காற்றாலைகளுக்கு நடுவில் ஓர் ஒற்றை அறை. அங்கே இசக்கியப்பனுக்கு வேலை. காற்றாடிகள் ஓடுகின்றனவா என்று திரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எட்டு மணி நேரத்தில் அந்தப் பக்கம் ஆள் வருவது அபூர்வம்.

பக்கத்தில் சொந்தக் கணினி ஒன்று. அதில் அவர் ஒரு மென்பொருள் கம்பெனி நடத்தினார். விளையாட்டுதான். ஆள் எடுக்கலாம், பொருள் செய்யலாம், மாதச் சந்தா வைக்கலாம். பள்ளிகளுக்கு வருகைப் பதிவு மென்பொருள் விற்றது அவருடைய கம்பெனி.

அந்த விளையாட்டை உருவாக்கியவர் நூர்ஜமீலா, கோவைக்காரர். ஆடுபவர்களின் சந்தேகங்களுக்கு விளையாட்டுக்குள்ளேயே பதில் எழுதுவார். ஒன்பது மாதமாக இசக்கியப்பன் அவரிடம்தான் கற்றுக்கொண்டார். டீச்சர் என்றே கூப்பிட்டார்.

சந்தா முந்நூறு வைத்தபோது பள்ளிகள் விலகின. இருநூறாக்கினார். கொஞ்ச நாள் நின்று, பிறகு விலகின. நூறாக்கியதும் சம்பளம் போட முடியவில்லை. அந்தச் சமயம் பார்த்து அதே விளையாட்டில் வேறு யாரோ நடத்திய வெள்ளோடை என்ற போட்டிக் கம்பெனி அவரிடமிருந்த பாதிப் பள்ளிகளை இழுத்துக்கொண்டது.

அன்று எழுதினார்: "டீச்சர், என்ன விலை வச்சா யாரும் விட்டுட்டுப் போகமாட்டாங்க?"

மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் ஒரு முகவரி வந்தது. கீழே ஒரு வரி: "நேர்ல வாங்க."

லீவு போட்டுக் கோவில்பட்டியில் ரயில் ஏறினார்.

மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டும் கடைக்கு மேல்மாடியில் வீடு. நூர்ஜமீலாவுக்கு ஐம்பது இருக்கும். டீ கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தார்.

"கேள்வி இன்னும் இருக்குங்களா?"

"அதுக்குத்தானே வந்தேன் டீச்சர்."

அவர் மேசைக் கணினியைத் திருப்பி வைத்தார். திரையில் ஒரு கோடு உயரமாக ஆரம்பித்து இறங்கிக்கொண்டே போனது.

"இது எந்தக் கம்பெனி?"

"என்னோடதுங்க. நீங்க ஆடற இந்த விளையாட்டு. இதுக்கும் சந்தா உண்டுல்ல? முதல் வருசம் ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர் இருந்தாங்க."

"விலையைக் குறைச்சுப் பாத்தீங்களா?"

"குறைச்சேன். கூட்டினேன். ஆறு மாசம் சும்மாவே குடுத்தேன். எல்லா விலையும் வெச்சுப் பார்த்தாச்சு."

இசக்கியப்பன் விரலால் கோட்டைத் தொட்டு அதன் முனைவரை வந்தார். அது அடியில் போய்த் தரையோடு ஒட்டியிருந்தது.

"இப்ப எத்தனை பேரு?"

அவர் இன்னொரு பக்கத்தைத் திறந்தார். சந்தாதாரர் பட்டியல். அதில் ஒரே ஒரு பெயர். இசக்கியப்பன் தன் பெயரை இரண்டு முறை வாசித்தார்.

"எப்பத்துல இருந்து?"

"போன கார்த்திகையில இருந்து."

டீயில் ஆடை படிந்துவிட்டது. இசக்கியப்பன் குடிக்கவில்லை.

"என்கூட ஆடற மத்த கம்பெனிங்க? பன்னெண்டு இருக்கே."

"பதினொண்ணை மெஷினே ஆடுது."

"வெள்ளோடை?"

நூர்ஜமீலா முந்தானை நுனியைச் சரிசெய்துகொண்டார்.

"அது நானுங்க."

"அந்த ஓனரைக் கண்டபடி திட்டி எழுதியிருக்கேன் டீச்சர்."

"படிச்சேன்."

"பொங்கலுக்கு வாழ்த்தும் அனுப்பினேன்."

"பதில் வந்துச்சுங்களே?"

வந்திருந்தது. அந்தப் பொங்கலன்று அவருக்கு வந்த ஒரே வாழ்த்து அது.

கீழே கடையில் சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது. மெஷின் சத்தம் நின்றது. அறையின் மூலையில் சர்வர் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. இசக்கியப்பன் அதையே பார்த்தார்.

"என் ஒருத்தனுக்காகவா டீச்சர் இத்தனையும் ஓடுது?"

"ரெண்டு பேருக்கு" என்றார் நூர்ஜமீலா. "நானும் ஆடறேனுங்களே."