தரையிலிருந்து ஒரு கை

“யாரும் இதுவரைக்கும் பார்க்காத ஓர் அடி வேணும், மாஸ்டர்,” என்றான் சேந்தன். “அதை எனக்குக் கத்துக் கொடுங்க.”

பிலோமினா மாஸ்டர் கிழிந்த மெத்தை ஒன்றைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“எதுக்கு?”

வடபழனியில் ஒரு பழைய கிடங்கு அது. சினிமாச் சண்டைக்காரர்கள் பழகும் இடம். பிலோமினாவும் சேந்தனும் அங்கே ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தவர்கள். அவன் ஹீரோ ஆனான். அவர் சண்டை கற்றுத் தரும் மாஸ்டர் ஆனார். அன்றிலிருந்து அவனுக்கும் அவர் மாஸ்டர்தான்.

சேந்தனின் படங்கள் இங்கே நன்றாக ஓடின. அவன் சுழன்று உதைத்தால் தியேட்டரில் காகிதம் பறக்கும். ஆனால் கடலைத் தாண்டினால் அவனை ஒருவருக்கும் தெரியாது.

இப்போது ஒரு வெளிநாட்டுக் கம்பெனி பெரிய சண்டைப் படம் எடுக்கப் போகிறது. உலகம் முழுவதும் திரையிடுவார்கள். கதாநாயகனைத் தேடி, ஆசிய நாடுகளில் வளர்ந்துவரும் சண்டை நடிகர்களை எல்லாம் பாங்காக்குக்கு அழைத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் தேர்வு. சேந்தனுக்கும் அழைப்பு வந்திருந்தது.

இதையெல்லாம் அவன் சொல்லி முடித்தான். பிறகு, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னான்.

தூத்துக்குடியில் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு படம் பார்த்தான். எந்த நாட்டுப் படம் என்று தெரியாது. யாரோ தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். அதில் வரும் வீரன், ஒற்றைக் காலில் நின்று, கழற்றிய செருப்பைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு எதிரியைச் சண்டைக்கு அழைப்பான். கோடை விடுமுறை முழுவதும் அந்தத் தெருப் பிள்ளைகள் செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். வீரனின் பெயர் ஒருவருக்கும் தெரியாது.

“எங்கேயோ இருக்கிற ஒரு பிள்ளை, என் பேருகூடத் தெரியாம, என்னை மாதிரி செஞ்சு பார்க்கணும் மாஸ்டர். எனக்கு அவ்வளவுதான் வேணும்.”

மாஸ்டர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“சரி. முதல்ல விழு.”

சேந்தன் சிரித்தான். “நான் ஹீரோ மாஸ்டர். விழுறதுக்குத்தான் தாமு இருக்காரே.”

தாமு சுவரோரமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். சேந்தனின் எல்லாப் படங்களிலும் அவனிடம் உதை வாங்கிப் பறந்து விழுந்தவர் அவர்தான். மாஸ்டர் அவரை அழைத்துக் காதில் ஏதோ சொன்னார். பிறகு தன் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கத் தயாரானார்.

“உன் உதையை உதை, பார்க்கலாம்.”

சேந்தன் சுழன்று உதைத்தான். சினிமா உதை மேலே படாது. ஒரு சாண் தள்ளித்தான் போகும். எப்போதும் அந்த நொடியில் தாமு அலறிக்கொண்டு பறப்பார்.

இன்று தாமு அசையாமல் நின்றார். காதைச் சொறிந்துகொண்டார்.

மாஸ்டர் செல்போனைச் சேந்தனிடம் நீட்டினார். அதில் ஒரு மனிதன், ஈ விரட்டுவதுபோலக் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். பழகிக்கொண்டிருந்த பிள்ளைகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள்.

“இந்த அடியை யாரும் இதுவரைக்கும் பார்த்திருக்க மாட்டாங்க,” என்றார் மாஸ்டர்.

சேந்தன் மறுநாள் காலையில் வந்து விழத் தொடங்கினான்.

அந்தக் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. விழுந்தவர் உடனே எழக் கூடாது. கிடந்தபடியே ஒரு கையை உயர்த்த வேண்டும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அதற்கு அர்த்தம். அந்தக் கை மேலே வரும்வரை யாரும் நகர மாட்டார்கள், பேச மாட்டார்கள். படப்பிடிப்பிலும் அப்படித்தான். ஆனால் இத்தனை படங்களில் சேந்தன் ஒரு தடவையும் அந்தக் கையைப் பார்த்ததில்லை. உதைத்து முடித்ததும், தன் உதை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க நேராக மானிட்டருக்குப் போய்விடுவான்.

இப்போது அவன் விழுந்தான். விழுந்த வேகத்தில் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான். மறுபடியும் விழுந்தான். மறுபடியும் துள்ளி எழுந்தான்.

“என்ன அவசரம்?” என்றார் மாஸ்டர்.

“யாராவது பார்த்துடுவாங்க.”

“பார்க்கணும்னுதானே ஆசைப்பட்டே?”

கிளம்புவதற்கு முந்தின நாள் அவன் நிஜமாகவே விழுந்தான். மூச்சு அடைத்துக்கொண்டது. எழ முடியவில்லை. மேலே தகரக் கூரை தெரிந்தது. கூரையின் ஓட்டை வழியாக ஒரு துண்டு வெயில் வந்துகொண்டிருந்தது. அவன் மெல்லக் கையைத் தூக்கினான்.

பிறகுதான் மற்றவர்களைப் பார்த்தான். கிடங்கு முழுவதும் நின்ற இடத்தில் நின்றிருந்தது. தாமுவின் டீ கிளாஸ் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றிருந்தது. எல்லோருடைய கண்ணும் அவன் கையில் இருந்தது. எத்தனையோ பேர் அவனைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறார்கள். இப்படி யாரும் பார்த்ததில்லை.

அவன் எழுந்து உட்கார்ந்தான்.

“அந்த அடியை எப்போ கத்துத் தருவீங்க மாஸ்டர்?”

“நாளைக்கு ஃப்ளைட் இல்ல?” என்றார் அவர். “கிளம்புங்க, வெளிநாட்டுக்காரரே.”

பாங்காக்கில் ஒரு பெரிய கூடம். தாய்லாந்து, வியட்நாம், கொரியா என்று பல நாட்டு நடிகர்கள் வந்திருந்தார்கள். இருவர் இருவராக ஒரு சின்னச் சண்டை செய்து காட்ட வேண்டும். ஒருவர் அடிக்க வேண்டும், மற்றவர் விழ வேண்டும். யார் அடிப்பது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளலாம். ஒரே ஒரு வாய்ப்புத்தான்.

சேந்தனுக்குத் துணையாக வந்தவன் விர்யா, இந்தோனேசியாக்காரன். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை. சேந்தன் தன் மார்பைத் தொட்டுக் காட்டினான், நான் அடிக்கிறேன் என்று. விர்யாவும் தன் மார்பைத் தொட்டுக் காட்டினான். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. தேர்வு நடத்திய பெண்மணி கடிகாரத்தைப் பார்த்தார்.

விர்யா ஓர் ஓரமாகப் போனான். தன்னைத் தேற்றிக்கொள்வதற்காகவோ என்னவோ, ஒரு செருப்பைக் கழற்றினான். அதைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடினான்.

சேந்தன் குனிந்து தன் ஷூவின் கயிற்றை அவிழ்த்தான்.

அதைக் கழற்றித் தலைமேல் வைத்துக்கொண்டான். விர்யாவின் எதிரே போய் ஒற்றைக் காலில் நின்றான்.

விர்யா கண்ணைத் திறந்தான். இருவரும் சிரிக்கவில்லை. விர்யா தன் மொழியில் ஏதோ கேட்டான். அந்த வீரனின் பெயரைத்தான் கேட்டிருப்பான். தெரியாது என்று சேந்தன் கையை விரித்தான். தனக்கும் தெரியாது என்று விர்யா கையை விரித்தான்.

சேந்தன் தன்னைத் தொட்டுக் காட்டினான். பிறகு தரையைக் காட்டினான்.

விர்யா உதைத்தான். அவன் கால் சேந்தன் மேல் படவே இல்லை. ஆனால் சேந்தன் விழுந்த விதத்தில், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் விலாவைப் பிடித்துக்கொண்டார்கள். கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை.

கிடந்தபடியே சேந்தன் கையைத் தூக்கினான். காமிராவைப் பார்க்க வேண்டிய விர்யா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலையில் முடிவு சொன்னார்கள். விர்யாவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இப்படி ஓர் உதையைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்றார்கள்.

சேந்தன் ஊர் திரும்பி, நேராகக் கிடங்குக்கு வந்தான். நடந்ததைச் சொன்னான். மெத்தையைப் புரட்டிப் போட வேண்டும், ஒரு பக்கம் பிடி என்றார் மாஸ்டர். இருவருமாகப் புரட்டிப் போட்டார்கள்.

“நான் செஞ்சது முட்டாள்தனமா மாஸ்டர்?”

“வலிக்குதா?”

“ரொம்ப.”

“அப்போ நீ இன்னும் கையைத் தூக்கலை.”

அந்தப் படம் அடுத்த ஆண்டு சென்னைக்கு வந்தது. எங்கு பார்த்தாலும் விர்யாவின் முகம். சேந்தன் தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, மாஸ்டரோடு காலைக் காட்சிக்குப் போனான்.

கடைசிச் சண்டையில் விர்யா அடிபட்டு விழுந்தான். இசை நின்றது. எல்லாம் முடிந்துபோயிற்று என்று தியேட்டரே நினைத்தது. அப்போது தரையிலிருந்து மெல்ல, மிக மெல்ல, ஒரு கை மேலே எழுந்தது.

தியேட்டர் அதிர்ந்தது. முன்வரிசையில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. சேந்தன் மட்டும் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தபடி இருந்தான். அவன் மேலே ஒரு பார்வைகூட விழவில்லை.

வெளியே, வண்டிகள் நிறுத்தும் மண் தரையில், ஒரு சிறுமி தொப்பென்று விழுந்தாள். விழுந்த உடனே கையைத் தூக்கினாள். புதுக் கவுனை அழுக்காக்கிவிட்டாள் என்று அவள் அப்பா திட்டிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து மறுபடியும் விழுந்தாள்.

சேந்தன் அவள் அருகில் குந்தினான்.

“யாரு பாப்பா சொல்லிக் கொடுத்தாங்க?”

அவள் சுவரொட்டியைக் காட்டினாள்.

“அவர் பேரு என்ன?”

அவள் உதட்டைப் பிதுக்கினாள். தெரியவில்லை.

மாஸ்டர் சேந்தனைப் பார்த்தார். “சொல்லேன், அது யாரோட கைன்னு.”

சேந்தன் வாயைத் திறந்தான். சுவரொட்டியைப் பார்த்தான். சிறுமியின் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தான்.

“கை அவ்வளவு சீக்கிரம் மேல வரக் கூடாது பாப்பா,” என்றான். “கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கணும்.”

“எப்படி?”

சேந்தன் தொப்பியைக் கழற்றி மாஸ்டரிடம் கொடுத்தான். பளிச்சென்ற வெள்ளைச் சட்டையோடு மண்ணில் விழுந்தான்.

சிறுமி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.