உறைஞ்சு போன குளமும் பார்னபி பிரபுவும்

இங்கிலாந்துக் காட்டுல ஒரு குளம். அந்தக் குளத்துக்கே ராசா மாதிரி ஒரு வெள்ளை அன்னம். பேரு பார்னபி பிரபு! பிரபு நடந்தா கழுத்து முன்னாடி போகும், உடம்பு பின்னாடி வரும். பேச்சோ, மூக்கை அடைச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி, "ஹூம்! ஹூம்!"

பொண்டாட்டி ஆகஸ்டா சீமாட்டி. பிள்ளைங்க நாலு. முட்டையை முதல்ல உடைச்சுக்கிட்டு வந்தவன் பெர்சி. கடைசியா வந்தவ நெல்லி.

பிள்ளைங்களுக்குச் சிறகு முளைச்சுது. பிரபு கழுத்தை நிமித்தினாரு.

"ஹூம்! எங்க பரம்பரை வழக்கப்படி குளம் மொத்தமும் மூத்தவனுக்கு! மத்தவங்க எல்லாம் கிளம்புங்க!"

"அப்பா, எனக்கு ஒரு ஓரமாவது குடுங்கப்பா!"ன்னா நெல்லி.

"ஓரமும் பெர்சிக்குத்தான்!"

"என்னங்க, குளிர் வருதுங்க! எல்லாரும் சேர்ந்து தண்ணிக்குள்ள காலை அடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் குளம் உறையாம இருக்கும்"னு சீமாட்டி கெஞ்சினா.

"ஹூம்! வழக்கம்னா வழக்கம்!"

மூணு பிள்ளைங்களும் அழுதுக்கிட்டே பக்கத்து ஆத்துக்குப் பறந்து போச்சுங்க.

வந்துச்சு பாருங்க குளிரு! அப்படி ஒரு குளிரை அந்தக் காடே பாத்ததில்ல. கரையோரம் ஐஸ் கட்டுச்சு. ஐஸ் நடுவுக்கு நகர்ந்துச்சு. பிரபு காலடிச்சாரு, சீமாட்டி காலடிச்சா. பெர்சி மட்டும் சும்மா மிதந்தான்.

"டேய், காலை ஆட்டுடா!"

"நானா? வாரிசு காலை ஆட்டுறதா? நல்லாயிருக்கே அப்பா!"

தண்ணி சுருங்கிச் சுருங்கி ஒரு அண்டா வாய் அளவுக்கு வந்துடுச்சு. அன்னம் பறக்கணும்னா தண்ணி மேல ஓடணுமே! ஓட எங்க இடம்?

அப்பப் பாத்து கரையில வந்து நின்னுச்சு ஒரு நரி! ஐஸ் மேல ஒரு காலை வெச்சுப் பாத்துச்சு. உடையல. இன்னொரு காலையும் வெச்சுச்சு.

"கும்பிடுறேன் பிரபுவே! விருந்துக்கு நீங்க கூப்பிடவே இல்ல. நானே வந்துட்டேன்!"

"அப்பா! குளம் எனக்குன்னீங்களே! குளம் எங்கப்பா?"ன்னு கத்தினான் பெர்சி.

நரி வழுக்கி வழுக்கிக் கிட்ட வந்துடுச்சு! பிரபு ஆத்துப் பக்கம் கழுத்தை நீட்டிக் கத்தினாரு. அந்த "ஹூம்" எங்க போச்சோ!

"நெல்லி! பிள்ளைங்களா! ஓடி வாங்கடா கண்ணுங்களா!"

ஆத்துல கேட்டுச்சு. மூணும் விருட்டுன்னு கிளம்புச்சுங்க! வந்த வேகத்துல ஐஸ் மேல தொம்! தொம்! தொம்! ஐஸ் படார்னு வெடிச்சுது. நரி பொளக்குன்னு உள்ள போச்சு! எப்படியோ கரையேறி, "ஹச்! ஹச்!"னு தும்மிக்கிட்டே எடுத்துச்சு பாருங்க ஓட்டம்!

பிரபு தலை குனிஞ்சு, "நெல்லி, உனக்கு எந்த ஓரம் வேணும்மா?"ன்னாரு.

"ஓரத்தை அப்புறம் பாத்துக்கலாம்ப்பா, முதல்ல எல்லாரும் காலடிங்க! பெர்சி அண்ணா, உன் கால் என்ன தேஞ்சா போயிடும்?"

பெர்சி அடிச்சான் பாருங்க, குளமே நுரைச்சுப் போச்சு!

சொத்தை ஒருத்தன் பேருக்கு எழுதிடலாம், ஆனா அதைக் காப்பாத்த வீடு மொத்தமும் வேணும்.